செட்டப் ஃபைல் ஒரிஜினல்தான்... பக்கத்தில் இருக்கும் டிஎல்எல் யாருடையது?

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டிடிபி கடை. பிரின்ட் எடுக்கப் போன என்னை, "தம்பி, கைரேகை மிஷின் எடுக்க மாட்டேங்குது, டிரைவரை மறுபடி போடணும். கொஞ்சம் பாக்குறியா?" என்றார் கடைக்கார அக்கா. சரியென்று மவுஸைக் கையில் வாங்கி டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். திறந்ததும் மூடிவிடலாம் போலிருந்தது. யாரோ ஒருவருடைய வில்லங்கச் சான்று, இன்னொருவருடைய பட்டா, ஹால் டிக்கெட்கள், கல்யாணப் பத்திரிகை டிசைன், வாட்ஸ்அப்பில் வந்த ஜிப் ஃபைல்கள், பிரின்டர் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர், தமிழ் கீபோர்டு, பெயரே புரியாத பத்துப் பதினைந்து ஃபைல்கள். எல்லாம் ஒரே ஃபோல்டரில்.

"தேவையானதை அதிகாரப்பூர்வ வெப்சைட்ல இருந்துதான் அக்கா எடுக்குறீங்க?" என்று கேட்டேன்.

"அதுல எல்லாம் நான் கரெக்டா இருப்பேன் தம்பி. கண்ட எடத்துல எடுக்க மாட்டேன்."

அவர் சொன்னது உண்மை. செட்டப் ஃபைல் ஒரிஜினல். ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம்தான் பிரச்சினை. ஒரிஜினல் செட்டப்பைக் கொண்டே கம்ப்யூட்டருக்குள் ஆளை நுழைய விடும் ஒரு ஓட்டை இருக்கிறது. அதன் பெயர் 'டிஎல்எல் ஹைஜாக்கிங்'. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். இன்னும் முழுசாக அடைபடவில்லை.

மணி, ஸ்பேனரை எடுத்துட்டு வா!

டிஎல்எல் என்பது ஒரு தனி ப்ரோக்ராம் அல்ல. ப்ரோக்ராம்கள் கடன் வாங்கும் கருவிப்பெட்டி. பட்டன் வரைவது, ஃபைலின் வெர்ஷன் எண்ணைப் படிப்பது, இன்டர்நெட்டோடு பேசுவது போன்ற பொதுவான வேலைகளை ஒவ்வொரு சாஃப்ட்வேரும் புதிதாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம் என்று விண்டோஸ் அவற்றை டிஎல்எல் ஃபைல்களாக சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறது. வேண்டியபோது ப்ரோக்ராம் கூப்பிடும்.

எப்படிக் கூப்பிடுகிறது என்பதில்தான் சிக்கல். வீட்டில் வயரிங் வேலைக்கு ஒரு எலெக்ட்ரீஷியன் வருகிறார். உங்களுக்குத் தெரிந்தவர், நம்பிக்கையானவர், வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டீர்கள். வேலை நடுவில் திரும்பிப் பார்க்காமலேயே "மணி, ஸ்பேனரை எடுத்துட்டு வா" என்று குரல் கொடுக்கிறார். அவருடைய ஆள் மணி தெருமுனையில் நிற்கிறான். ஆனால் வாசலிலேயே இன்னொருத்தன் நிற்கிறான். "நான்தான் மணி" என்று அவன் உள்ளே வந்துவிடுகிறான். எலெக்ட்ரீஷியனும் முகத்தைப் பார்ப்பதில்லை. பெயர் சரியாக இருந்தால் போதும்.

விண்டோஸில் அந்த வாசல் எது தெரியுமா? அந்த ப்ரோக்ராம் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதுதான். முழு முகவரி சொல்லாமல் வெறும் பெயரைச் சொல்லி ஒரு டிஎல்எல்லைக் கேட்டால், விண்டோஸ் முதலில் ப்ரோக்ராம் இருக்கும் ஃபோல்டரில் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் சிஸ்டம்32 பக்கம் போகும். மிக முக்கியமான சில டிஎல்எல்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவற்றை விண்டோஸ் தனிப்பட்டியல் போட்டு வைத்திருப்பதால் வெளியிலிருந்து எடுக்காது. ஆனால் வெர்ஷன்.டிஎல்எல், யுஎக்ஸ்தீம்.டிஎல்எல் மாதிரி அடிக்கடி கேட்கப்படும் பல பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்ஸ்டால் ஆகி முடிந்த சாஃப்ட்வேர் 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். அங்கே ஒரு ஃபைலைப் போட அட்மின் அனுமதி வேண்டும். அதனால் அந்த வாசலுக்கு காவல் இருக்கிறது. செட்டப் ஃபைல் அப்படியில்லை. அது ஓடுவது டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து. அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். அதற்குத்தானே அந்த ஃபோல்டரே இருக்கிறது!

இதைவிட மோசம் ஒன்று. செட்டப்பை டபுள் கிளிக் செய்ததும் திரை மங்கி, "இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா?" என்று கேட்கும் அல்லவா? அதில் கம்பெனி பெயர் சரியாக இருக்கும், டிஜிட்டல் கையெழுத்தும் சரியாக இருக்கும். நீங்கள் 'யெஸ்' அழுத்துவீர்கள். அழுத்துவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த அனுமதி செட்டப்போடு நிற்பதில்லை. செட்டப் கூப்பிட்ட அத்தனை டிஎல்எல்லுக்கும் சேர்த்துத்தான். வாசலில் நின்ற போலி மணிக்கும் இப்போது வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டு, உண்மையான டிஎல்எல்லையும் கூப்பிட்டுக் கொடுத்துவிடும் அளவுக்கு அது கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருக்கும். உங்கள் கண்ணுக்கு இன்ஸ்டாலேஷன் நன்றாகவே முடிந்திருக்கும்.

டிஎல்எல் எப்படி டவுன்லோட்ஸுக்கு வந்தது?

நல்ல கேள்வி. "நான் எந்த டிஎல்எல்லையும் டவுன்லோட் பண்ணலையே" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

கடைகளில் அதிகம் நடப்பது ஜிப் வழியாக. வாட்ஸ்அப் வெப்பில் வரும் ஜிப்பை 'எக்ஸ்ட்ராக்ட் ஹியர்' என்று அழுத்தினால், உள்ளே இருந்த இருபது ஃபைலும் அதே டவுன்லோட்ஸில் கொட்டும். அதில் ஒன்று டிஎல்எல்லாக இருந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்? 'கிராக்' சாஃப்ட்வேர் எடுப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது தேடிப்போய் வாங்குவது.

அடுத்தது பென்டிரைவ். நம்ம ஊரில் சர்வீஸ் என்ஜினீயர் என்றால் சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதில் 'சாஃப்ட்வேர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பிரவுசரிலிருந்து பிரின்டர் டிரைவர் வரை எல்லா செட்டப்பும் அதில். காலையில் செஞ்சியில் ஒரு கடை, மதியம் திண்டிவனத்தில் ஒரு ஆபீஸ், சாயங்காலம் விழுப்புரத்தில் ஒரு வீடு. ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் இருந்த வைரஸ் அந்த ஃபோல்டரில் ஒரே ஒரு டிஎல்எல்லைப் போட்டுவிட்டால், அடுத்து எந்தச் செட்டப்பை ஓட்டினாலும் அது சேர்ந்து ஓட வாய்ப்பு. என்ஜினீயர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் ஓட்டியதும் ஒரிஜினல் செட்டப்தான்.

ஆடிட்டர் ஆபீஸ்களில் இதே கதை நெட்வொர்க் வடிவத்தில் நடக்கும். ஆறு சிஸ்டத்துக்கும் பொதுவாக ஒரு ஷேர்டு ஃபோல்டர். "எல்லாம் அங்க இருக்கு, அதுல இருந்து போட்டுக்கோ" என்பார்கள். அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை எல்லோருக்கும் இருக்கும். ஒரு சிஸ்டம் கெட்டால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சாதாரண அனுமதியோடு உள்ளே நுழைந்துவிட்ட வைரஸுக்கும் இந்த ஓட்டை ஒரு ஏணி. அட்மின் உரிமை அதனிடம் இருக்காது. டவுன்லோட்ஸில் ஒரு டிஎல்எல்லைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். நீங்களாக ஒரு நாள் ஏதோ ஒரு செட்டப்பை ஓட்டி 'யெஸ்' அழுத்தும்போது ஏறிக்கொள்ளும்.

தெரிந்தும் ஏன் சரியாகவில்லை?

2000-லேயே ஜார்ஜி குனின்ஸ்கி என்ற பல்கேரிய ஆய்வாளர், ஆபீஸ் டாக்குமென்ட் இருக்கும் ஃபோல்டரில் ஒரு டிஎல்எல் இருந்தால் அதுவும் சேர்ந்து ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். 2008-ல் ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் விண்டோஸில் ஒரு கூத்து செய்தது: ஒரு வெப்சைட் அனுப்பும் ஃபைலைக் கேட்காமலேயே டெஸ்க்டாப்பில் கொட்டியது. 'கார்பெட் பாம்பிங்' என்று பெயரே வைத்தார்கள். டெஸ்க்டாப்பில் விழுந்த டிஎல்எல்லை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எடுத்து ஓட்டியது. இரண்டு கம்பெனியின் தலா ஒரு சின்ன அலட்சியம் சேர்ந்து ஒரு பெரிய ஓட்டை. 2010 ஆகஸ்டில் ஹெச்.டி. மூர் என்ற ஆய்வாளர் இதே ரகத்தில் ஏராளமான ப்ரோக்ராம்கள் மாட்டுகின்றன என்று காட்ட, மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது.

செட்டப் ஃபைல்கள் பக்கம் டார்ச் அடித்தவர் ஸ்டெஃபான் கந்தாக் என்ற ஜெர்மானியர். 2015-16 வாக்கில் பிரபலமான சாஃப்ட்வேர்களின் இன்ஸ்டாலர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, "இதிலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறது" என்று எழுதித் தள்ளினார். 2016 பிப்ரவரியில் ஆரக்கிள் நிறுவனம் ஜாவா இன்ஸ்டாலருக்காக சிவிஇ-2016-0603 என்ற எண்ணில் தனி எச்சரிக்கையே விட்டது. அதில் சொன்னது கவனிக்க வேண்டியது: ஏற்கெனவே இன்ஸ்டால் செய்தவர்கள் மறுபடி செய்ய வேண்டியதில்லை, ஆனால் பழைய செட்டப் ஃபைலை வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை எடுங்கள். அதாவது ஓட்டை இருந்தது ஜாவாவில் இல்லை, ஜாவாவின் செட்டப்பில்.

இது நமக்கு ஏன் முக்கியம்? அரசு டெண்டர் தளத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போட ஜாவா வேண்டும் என்று இருந்த காலம் அது. கான்ட்ராக்டர்கள் கடைக்கடையாக ஏறி "ஜாவா போட்டுக் குடுங்க" என்று நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். அன்று பென்டிரைவில் ஏறிய செட்டப் எத்தனை பென்டிரைவில் இன்னும் இருக்கிறதோ!

ஜப்பானில் அரசுத் துறைகளே இதில் மாட்டின. 2017-ல் அந்நாட்டின் ஆன்லைன் வருமான வரி சாஃப்ட்வேரான 'இ-டாக்ஸ்' செட்டப்பில் இந்த ஓட்டை இருப்பதாக எச்சரிக்கை வந்தது. அந்த வருஷம் அங்கே இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது.

மைக்ரோசாஃப்ட் என்ன சொல்கிறது? 2018 ஏப்ரலில் தன் நிலைப்பாட்டை எழுத்தில் வைத்தது. ப்ரோக்ராமின் சொந்த ஃபோல்டரில் போலி டிஎல்எல் இருந்தால், அதைப் பாதுகாப்பு அப்டேட் விட்டுச் சரிசெய்யும் ரகமாகக் கருத மாட்டோம். கூடுதல் பாதுகாப்பு என்ற அளவில் பின்னால் வரும் வெர்ஷன்களில் பார்ப்போம் என்பது சாரம். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தன் ஃபோல்டரில் முதலில் தேடும் வழக்கத்தை மாற்றினால், தனக்கென்று டிஎல்எல்லைக் கூடவே கொண்டுவரும் லட்சக்கணக்கான பழைய சாஃப்ட்வேர்கள் படுத்துவிடும். ஆனால், வீட்டில் எல்லோரும் செருப்புக் கழற்றும் திண்ணை மாதிரியான டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் 'சொந்த ஃபோல்டர்' என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செட்டப் தயாரிக்கும் கருவிகளான என்எஸ்ஐஎஸ், இன்னோ செட்டப், விக்ஸ் போன்றவை அந்த 2015-16 காலத்தில் தங்கள் பக்கம் பூட்டு போட்டுக்கொண்டன. ஆனால் பழைய கருவியில் செய்த செட்டப்கள் இன்றும் சுற்றுகின்றன. ஒரு மெஷினை வாங்கும்போது சிடியில் வந்த டிரைவரை யார் மாற்றுகிறார்கள்?

ஆன்டிவைரஸே வாசலைத் திறந்த கதை

"எங்கிட்ட ஆன்டிவைரஸ் இருக்கு" என்பவர்களுக்காக ஓர் இந்திய உதாரணம். 2024 ஏப்ரலில் அவாஸ்ட் ஆய்வாளர்கள் 'குப்டிமைனர்' என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். 2018-லிருந்தாவது நடமாடிய மால்வேர் அது. மாட்டியது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்ரோவேர்ல்டு நிறுவனத்தின் இஸ்கேன் ஆன்டிவைரஸ். அதன் அப்டேட் பாதுகாப்பற்ற ஹெச்டிடிபி வழியாக வந்துகொண்டிருந்தது. நடுவில் புகுந்தவர்கள் அப்டேட் பொட்டலத்தையே மாற்றி அனுப்பினார்கள். உள்ளே இருந்தது என்ன? வெர்ஷன்.டிஎல்எல் என்ற பெயரில் ஒரு போலி. இஸ்கேனின் ஒரிஜினல் ப்ரோக்ராமே "மணி, வா" என்று அதைக் கூப்பிட்டு உள்ளே விட்டது. பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க்குகளில் பின்வாசல் வைப்பதற்கும், கிரிப்டோ மைனிங்குக்கும் பயன்பட்டிருக்கிறது. வடகொரியாவின் கிம்சுகி குழுவோடு தொடர்பு இருக்கலாம் என்றும் அவாஸ்ட் சொன்னது. இஸ்கேனுக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் தகவல் போய், 2023 ஜூலை 31 அன்று ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டதாக நிறுவனம் உறுதி செய்தது.

2021 ஜூலையில் கசேயா சாஃப்ட்வேர் வழியாக உலகம் முழுக்கப் பல நிறுவனங்களை முடக்கிய ரெவில் ரான்சம்வேர் கும்பலும் இதே வித்தையைத்தான் காட்டியது. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் பழைய ஒரிஜினல் ப்ரோக்ராம் ஒன்றைக் கூடவே கொண்டுவந்து, அதன் பக்கத்தில் தன் டிஎல்எல்லை வைத்து ஓட்டியது.

கொரோனாவுக்குப் பிறகு விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள் நிறைய. வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பார்க்கும் வந்துவிட்டது. கம்பெனி லேப்டாப் என்றால் ஐ.டி. டீம் பார்த்துக்கொள்ளும். சொந்த லேப்டாப்பில் கம்பெனி வேலை பார்ப்பவர் என்றால் அந்த ஐ.டி. டீம் நீங்கள்தான்.

காலி ஃபோல்டர்தான் மருந்து

பயப்பட வேண்டாம், தீர்வுக்குக் காசு செலவில்லை. செட்டப்பை டவுன்லோட்ஸில் வைத்து ஓட்டாதீர்கள். புதிதாக ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். செட்டப் ஃபைலை மட்டும் அதற்குள் நகர்த்துங்கள். அங்கிருந்து ஓட்டுங்கள். முடிந்ததும் ஃபோல்டரோடு அழித்துவிடுங்கள். வாசலில் யாருமே இல்லை என்றால் போலி மணி எங்கிருந்து வருவான்? பென்டிரைவிலிருந்து போடுவதானாலும் இதேதான்: செட்டப்பை மட்டும் காலி ஃபோல்டருக்கு காப்பி எடுத்து, பென்டிரைவைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

ஓட்டுவதற்கு முன் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். போலி டிஎல்எல்லை அது தடுக்காது என்பது மேலே பார்த்ததுதான். ஆனால் செட்டப்பே மாற்றப்பட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும். 2024 ஜூனில் கான்செப்ட்வேர்ல்டு என்ற இந்திய நிறுவனத்தின் சொந்த வெப்சைட்டிலேயே மூன்று சாஃப்ட்வேர்களின் செட்டப்களுக்குள் திருட்டு ப்ரோக்ராம் சேர்க்கப்பட்டிருந்ததை ரேபிட்7 நிறுவனம் கண்டுபிடித்தது. அந்தச் செட்டப்களில் கையெழுத்து இல்லை. ஃபைலின் அளவும் டவுன்லோட் பக்கத்தில் போட்டிருந்ததோடு பொருந்தவில்லை. தகவல் கிடைத்ததும் நிறுவனம் சீக்கிரமே நீக்கிவிட்டது.

ஜிப் ஃபைலை 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்துத் தனி ஃபோல்டரில் பிரியுங்கள். பிரவுசர் செட்டிங்கில் 'ஒவ்வொரு முறையும் எங்கே சேமிப்பது என்று கேள்' என்பதை ஆன் செய்தால், கேட்காமல் விழும் ஃபைல் தெரிந்துவிடும். எக்ஸ்இ, எம்எஸ்ஐ இரண்டும் கிடைத்தால் எம்எஸ்ஐயை எடுங்கள். அதை ஓட்டும் ப்ரோக்ராம் சிஸ்டம்32-லேயே இருப்பதால் அதன் வாசலுக்குக் காவல் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைத்தால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு சந்து மிச்சம் இருக்கும். சில செட்டப்கள் தங்களை டெம்ப் ஃபோல்டரில் பிரித்துப் போட்டு அங்கிருந்து ஓடும். அதுவும் திறந்த திண்ணைதான். அதனால் கடை, ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்ட் யூசர் கணக்கும், இன்ஸ்டால் செய்ய மட்டும் பாஸ்வேர்டோடு தனி அட்மின் கணக்கும் வைப்பது உத்தமம். 'சி' டிரைவில் நேரடியாக ஃபோல்டர் போட்டு உட்காரும் அக்கவுன்ட்ஸ், பில்லிங் சாஃப்ட்வேர்களையும் ஒரு முறை பாருங்கள். அந்த ஃபோல்டர்களில் சாதாரண யூசரும் எழுத முடியும். ஆபீஸின் ஷேர்டு ஃபோல்டரில் எழுதும் உரிமையை ஒருவரிடம் மட்டும் விட்டு, மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பதையும் காதில் போட்டு வைக்கிறேன்.

இப்போதே சோதிக்க வேண்டுமா? வியூ மெனுவில் ஃபைல் எக்ஸ்டென்ஷன், மறைந்த ஃபைல்கள் இரண்டையும் காட்டும்படி வையுங்கள். டவுன்லோட்ஸின் தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, டிஎல்எல் என்று சேர்த்து அடியுங்கள். ஏதோ ஒரு சாஃப்ட்வேரின் தனி ஃபோல்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் அந்த சாஃப்ட்வேருடையதாகவே இருக்கும். எந்த ஃபோல்டரிலும் இல்லாமல் டவுன்லோட்ஸில் தனியாகக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். அழித்துவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள். அது இருக்கும்போது ஏதாவது செட்டப் ஓட்டியிருந்தால், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கழற்றி வையுங்கள், பாஸ்வேர்டுகளை வேறு ஒரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வாடிக்கையாளரின் ஆதார் கைரேகையும் கான்ட்ராக்டரின் கையெழுத்தும் ஓடும் கம்ப்யூட்டர் அது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. நிறுவனங்கள் என்றால் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும்.

அக்காவின் கடையில் அன்று தேடியதில் இரண்டு டிஎல்எல் கிடைத்தன. ஒன்று பழைய ஸ்கேனர் டிரைவரின் ஃபோல்டருக்குள் இருந்தது. இன்னொன்று தனியாகக் கிடந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. அதை அழித்து, ஸ்கேன் ஓட்டிவிட்டு, கைரேகை மிஷின் டிரைவரைப் புதிதாக எடுத்துக் காலி ஃபோல்டரிலிருந்து போட்டோம். அடுத்த வாரம் போனபோது டெஸ்க்டாப்பில் 'காலி' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. "இதுல யாரும் எதையும் போடக் கூடாதுன்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன்" என்றார். திறந்து பார்த்தோம். ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது.